நாலு பேர், ஒரு டிவி, ஒரு மேஸ்: ட்ரோக் போதுமா, வேறு எதையாவது பார்க்கலாமா?

ஒரே திரையில் நாலு பேர் சேர்ந்து ஓடிப் பிடித்து ஆடுகிற மேஸ் கேம் (சந்துசந்தாகப் பிரியும் வழிகளுக்குள் ஓடுகிற கேம்) ஒன்று வேண்டும், அதுவும் டைனோசர், குகைமனிதன், எரிமலை என்று ஆதிகால வேஷத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இப்படிக் கேட்கிறவருக்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர் ட்ரோக். 1990இல் சிகாகோவின் மிட்வே நிறுவனம் வெளியிட்ட ஆர்கேட் கேம் இது, அதாவது கடையில் காசு போட்டு ஆடுகிற பெரிய மெஷின். பேக்மேன் தெரியாத ஆள் கிடையாது, இதைத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் இதை மட்டும் தனியாகப் புகழாமல், இதே வேலையைச் செய்கிற மூன்று பேரோடு பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்: காண்ட்லெட், பேக்மேன் பேட்டில் ராயல், பாம்பர்மேன். கிராபிக்ஸ், ஸ்கோர் எல்லாம் இருக்கட்டும். நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: நாலு பேரில் ரொம்ப சுமாராக ஆடுகிறவர் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது? வீட்டில் நாலு பேர் உட்காரும்போது நாலு பேரும் கேமர்களாக இருப்பதில்லை. ஒருத்தர் வெறித்தனமாக ஆடுவார், ஒருத்தர் எப்போதாவது ஆடுவார், ஒன்பது வயசுப் பிள்ளை ஒன்று இருக்கும், "எந்த பட்டனை அழுத்தணும்?" என்று கடைசி வரை கேட்கிறவர் ஒருத்தர் இருப்பார். அந்தக் கடைசி ஆள் பத்து நிமிஷத்தில் போனை எடுத்துவிட்டால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

ட்ரோக்கில் நீங்கள் ஒரு குட்டி டைனோசர். ரெக்ஸ், ப்ளூப், ஸ்பைக், க்வென் என்று நாலு பேர், ஆளுக்கு ஒரு நிறம். தீவு முழுக்க முட்டைகள் சிதறிக் கிடக்கும். உங்கள் நிறத்து முட்டைகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக் கட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் ட்ரோக்குகள், அதாவது ஒற்றைக் கண் குகைமனிதர்கள், உங்களைத் தின்பதற்குத் துரத்துவார்கள். கையில் இருப்பது ஒரு ஜாய்ஸ்டிக், ஒரே பட்டன். பட்டனை அழுத்தினால் குத்து. அன்னாசிப்பழம் கிடைத்தால் உங்கள் குட்டி டைனோசர் கொஞ்ச நேரத்துக்குப் பெரிய டி-ரெக்ஸாக மாறும், அதுவரை துரத்தின ட்ரோக்குகளை நீங்கள் துரத்தித் தின்னலாம். மிளகாய் கிடைத்தால் வாயிலிருந்து நெருப்பு. பேக்மேனின் பெரிய புள்ளிதான் இங்கே அன்னாசியாக வந்திருக்கிறது என்று யாருக்கும் புரியும். அதில் ஆச்சரியமும் இல்லை. 1980இல் பேக்மேனை ஜப்பானின் நாம்கோவிடமிருந்து வாங்கி அமெரிக்காவில் இறக்கியதே மிட்வேதான். பத்து வருஷம் கழித்து அதே வீட்டிலிருந்து வந்த பேரப்பிள்ளை இது.

இதை முதல்முறை பார்க்கிறவர் கவனிப்பது உருவங்களை. எல்லாம் களிமண். பொம்மைகளைச் செய்து, ஒவ்வொரு அசைவாக நகர்த்திப் படமெடுத்து, அதைத் திரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜார்ஜ் பெட்ரோவும் ஜாக் ஹேகரும் வடிவமைத்த கேம். அடுத்த வருஷமே டெர்மினேட்டர் 2 ஆர்கேடைச் செய்தவர்களும் இவர்கள்தான். ட்ரோக் ஓடிய அதே குடும்பத்து சர்க்யூட் போர்டில்தான் ஸ்மாஷ் டிவி ஓடியது, 1992இல் மார்ட்டல் காம்பாட் என்ற ரத்தக்களரிச் சண்டை கேமின் ஆரம்பப் பதிப்பும் ஓடியது. நிஜ ஆட்களைப் படமெடுத்து ஒருவர் முதுகெலும்பை ஒருவர் பிடுங்க வைப்பதற்கு முன்னால் அந்தக் கம்பெனியில் களிமண் டைனோசரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். களிமண் உருவங்களுக்குப் பேர்போன க்ளே ஃபைட்டர் வந்தது 1993இல், ஆக ட்ரோக் அதற்கும் மூன்று வருஷம் மூத்தது. இன்றைக்குப் பார்த்தாலும் கண்ணை உறுத்தாத 1990 கேம்களில் இதுவும் ஒன்று, ஏனென்றால் களிமண்ணுக்கு வயசாவதில்லை. விரல் அழுத்திய பொம்மை அன்றைக்கும் பொம்மை, இன்றைக்கும் பொம்மை.

(மனிதனும் டைனோசரும் ஒரே தீவில் இருந்தார்களா என்று கேட்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் சொல்லிவிடுங்கள்: டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் வருஷம் ஆகிறது, நம் இனம் வந்து ஏறக்குறைய 3 லட்சம் வருஷம்தான். ஒற்றைக் கண் விஷயத்தைப் பற்றிக் கேட்டால் நான் பொறுப்பில்லை.)

சரி, நான் ட்ரோக்கை ஏன் தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், அந்த முட்டை விதிக்காக. உங்கள் நிறத்து முட்டை உங்களுக்கு மட்டும்தான். பக்கத்தில் ஆடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் பொறுக்குவது அவருடைய முட்டையை, உங்கள் பங்கில் கை வைக்க முடியாது. போட்டி இருக்கிறது, ரொம்பவே இருக்கிறது: யார் முதலில் வீடு சேர்வது என்பதுதான் ஆட்டம். அன்னாசி ஒன்றுதான் கிடக்கும், அதற்கு இரண்டு பேர் பாய்வார்கள். துரத்திவரும் ட்ரோக்கை அப்படியே இழுத்துக்கொண்டு போய் நண்பன் இருக்கிற சந்தில் விட்டுவிட்டுத் திரும்பலாம், அதில் ஒரு குரூர சந்தோஷம் இருக்கிறது. ஆனாலும் சுமாராக ஆடுகிறவருக்கு எப்போதும் செய்வதற்கு வேலை இருக்கும். அவர் பார்க்க வேண்டியது தன் நிறத்தை மட்டும். "நீலத்தைப் பொறுக்கு, ஒற்றைக் கண்ணனிடம் மாட்டாதே" என்று ஒரு வரியில் சொல்லிக் கொடுத்துவிடலாம். இந்த நாலு கேமில் இவ்வளவு சுருக்கமாக விளக்கிவிட முடிவது இதை மட்டும்தான்.

கெட்ட செய்தி, இதை முறையாகக் கையில் வாங்குவது லேசில்லை. மிட்வே 2009இல் திவாலாகி, அதன் பெரும்பகுதிச் சொத்துகளை வார்னர் வாங்கியது. 2012இல் அவர்கள் மிட்வே ஆர்கேட் ஆரிஜின்ஸ் என்று 31 பழைய கேம்களைத் தொகுத்துப் போட்டார்கள், அதில் ட்ரோக் இல்லை. அப்புறம் முக்கியமாக மிஞ்சுவது மூன்று வழி.

அசல் ஆர்கேட் மெஷின்: நாலு ஜாய்ஸ்டிக், பிக்சர் டியூப் திரை, கூடத்தில் பாதியை அடைத்துக்கொள்கிற மரப்பெட்டி. அமெரிக்க மெஷின் என்பதால் அங்கத்திய 110-120 வோல்ட் கரண்ட், நம் ஊர் 230. டிரான்ஸ்பார்மர் போட்டுச் சமாளிக்கலாம், டியூப் போனால் சமாளிக்க ஆள் தேட வேண்டும். அமெரிக்காவில் இருக்கிற சேகரிப்பாளர்களுக்குச் சரி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு இதை யோசிக்கிறவரை நான் தடுக்க மாட்டேன், ஆனால் பெட்டி இறக்குகிற அன்றைக்கு உதவிக்கும் வர மாட்டேன்.

இரண்டாவது, 1991இல் அக்லெய்ம் நிறுவனம் நிண்டெண்டோவின் என்இஎஸ் என்ற வீட்டு கேம் பெட்டிக்குப் போட்ட கேட்ரிட்ஜ். இது கைக்கு அடக்கம், பழைய கேட்ரிட்ஜ் விற்கிறவர்களிடம் தேடலாம். ஆனால் இரண்டு பேர்தான் ஆட முடியும். நாலு பேர் ஆட்டத்துக்காகத் தேடுகிற கேமில் பாதிப் பேரை வெளியே அனுப்பிவிட்டால் என்ன மிச்சம்? போதாக்குறைக்கு அந்தக் களிமண் அழகு எட்டு பிட் புள்ளிகளாகச் சுருங்கிவிட்டது. தொண்ணூறுகளில் நம் பக்கம் டிவி கேம் என்ற பெயரில் விற்ற பெட்டி பரணில் இருக்கிறதே, அதில் போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பானியக் கணக்கில் 60 பின், அமெரிக்க கேட்ரிட்ஜ் 72 பின். நேராக உள்ளேயே போகாது, நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும். அண்ணன் தங்கை இரண்டே பேர் என்றால் இது மோசமில்லை, அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது வழி மேம் எமுலேட்டர், அதாவது பழைய ஆர்கேட் மெஷின் போலவே கம்ப்யூட்டரை நடிக்க வைக்கிற மென்பொருள். மென்பொருள் இலவசம், சட்டப்படி சுத்தம். கேமின் ரோம் கோப்புக்குத்தான் (மெஷினின் சிப்பிலிருந்து எடுத்த கேம் நகல்) உரிமையாளர் இருக்கிறார், அதை எங்கிருந்து எடுப்பது என்பது உங்கள் மனசாட்சிக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம். கடையில் விற்காத கேமை ஆடிப் பார்ப்பதில் என்ன தப்பு என்று ஒரு கட்சி, விற்கவில்லை என்பதற்காக உரிமை போய்விடாது என்று இன்னொரு கட்சி. சட்டம் இரண்டாவது கட்சியில் இருக்கிறது.

இனி காண்ட்லெட். 1985, கலிஃபோர்னியாவின் அடாரி கேம்ஸ், வடிவமைத்தவர் எட் லாக். போர்வீரன், வால்கிரி, மந்திரவாதி, எல்ஃப் என்று நாலு பேர் நிலவறை நிலவறையாகப் போய்ப் பேய்களைச் சுட்டுக்கொண்டே வெளியேறும் வழி தேட வேண்டும். மற்ற மூன்று கேமிலும் நாலு பேரும் எதிரிகள், இதில் நாலு பேரும் ஒரு கட்சி. பேருக்குத்தான் ஒரு கட்சி. சாப்பாடு ஒரு தட்டு கிடக்கும், உயிர் போகிற நிலையில் இரண்டு பேர் இருப்பார்கள், நன்றாக இருக்கிற மூன்றாமவர் போய் எடுத்துத் தின்றுவிடுவார். குறி தவறிச் சுட்டால் சாப்பாடே அழிந்துவிடும், யார் சுட்டது என்று மெஷின் பெயர் சொல்லி ஊருக்கே அறிவிக்கும். மெஷினுக்கு வாய் இருந்தது என்பதுதான் அந்தக் காலத்தில் இதன் பெரிய கவர்ச்சி: எல்ஃபுக்கு அவசரமாகச் சாப்பாடு வேண்டும் என்று அது கத்துகிற கத்தல் ஆர்கேட் ரசிகர்கள் நடுவில் இன்றைக்கும் நகைச்சுவை வசனமாக ஓடுகிறது.

காண்ட்லெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. சும்மா நின்றாலும் உங்கள் உயிர்க்கணக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், ஏற்றுவதற்கு இரண்டு வழி: சாப்பாடு, இல்லாவிட்டால் காசு. காசு போட்டால் உயிர் ஏறும். கடைக்காரர் கல்லாவுக்காகச் செய்த ஏற்பாடு அது, ஆனால் ஆட்டத்தின் பதற்றம் முழுவதும் அந்தக் காசில்தான் இருக்கிறது. வீட்டில் காசு என்பது ஒரு பட்டன். சாகப் போகிறவர் பட்டனை நாலு தட்டுத் தட்டுவார், பழையபடி நடப்பார். அரைமணி நேரத்தில் சாப்பாட்டுச் சண்டைக்கே அர்த்தமில்லாமல் போய், நாலு பேரும் தூக்கக் கலக்கத்தில் பேய் சுட்டுக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கு இத்தனை காசு என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டு, அதற்கு மேல் கிடையாது என்று உட்கார்ந்தால் அருமையான கேம். இன்னொரு விஷயம், நாலு பேரும் ஒரே திரைக்குள் இருக்க வேண்டும், பின்தங்கினவரை விட்டுவிட்டுத் திரை நகராது. சுமாராக ஆடுகிறவர் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை, அது நல்லது. ஆனால் "வா, வா, சீக்கிரம் வா" என்று மூன்று பேர் அவரையே கத்திக்கொண்டிருப்பார்கள். யாருக்குப் பிடிக்கும்? 1986இல் வந்த காண்ட்லெட் 2 சற்று மேல், அதில் இரண்டு பேருக்கு மந்திரவாதிதான் வேண்டும் என்றால் இரண்டு பேரும் மந்திரவாதியாகவே வரலாம். இரண்டு காண்ட்லெட்டும் மேலே சொன்ன 31 கேம் தொகுப்பில் இருக்கின்றன, ஆகவே நேர்மையாக வாங்க வழியிருக்கிறது.

பேக்மேன் பேட்டில் ராயலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அது கெட்ட கேம் என்பதால் அல்ல, ரொம்பத் தெளிவான கேம் என்பதால். 2011இல் நாம்கோ விட்டது. ஒரே மேஸில் நாலு பேக்மேன். பெரிய புள்ளியைத் தின்றவர் ஊதிப் பெருப்பார், சின்னதாக இருக்கிறவரை விழுங்குவார். இரண்டு பேரும் ஒரே அளவில் இருந்தால் முட்டிக்கொண்டு தெறிப்பார்கள். கடைசியில் மிஞ்சினவர் அந்த ரவுண்டை ஜெயித்தார். பட்டனே கிடையாது, நாலு திசை மட்டும். செத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் ரவுண்டு சட்டென்று முடிந்துவிடும். 2022இல் வந்த பேக்மேன் மியூசியம் பிளஸ் தொகுப்பில் இது இருக்கிறது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். வாங்குவதில் இவ்வளவு சுலபம் இந்தப் பட்டியலில் வேறில்லை. என் குறை ஒன்றுதான்: முழுக்க முழுக்க அடுத்தவரைத் தின்கிற ஆட்டம் என்பதால் நன்றாக ஆடுகிறவர் திரும்பத் திரும்ப ஜெயிப்பார், திரும்பத் திரும்பத் தின்னப்படுகிற பிள்ளைக்கு முகம் சுண்டிப்போகும். நாலு பேரும் ஏறக்குறைய சமமாக ஆடுகிற கூட்டம் என்றால் இதைவிடச் சிரிப்பான கேம் கிடையாது.

பாம்பர்மேன் இந்தக் கூட்டத்தில் மூத்த பயில்வான். ஹட்சன் சாஃப்ட் தயாரிப்பு, 1993இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு சூப்பர் பாம்பர்மேன் வந்தபோது, நாலு கன்ட்ரோலர் செருகுகிற மல்டிடேப்பையும் பெட்டியிலேயே சேர்த்து விற்றார்கள். கல்லுக்கு நடுவே குண்டு வைக்கிறீர்கள், குண்டு குறுக்கும் நெடுக்குமாக வெடிக்கிறது, கல் உடைகிறது, எதிரியும் உடைகிறார், பாதி நேரம் நீங்களே உங்கள் குண்டில் மாட்டிச் சாகிறீர்கள். நேரம் முடியப்போகிறபோது ஓரத்திலிருந்து கற்கள் விழுந்து இடத்தைக் குறுக்கிக்கொண்டே வரும். சாமர்த்தியத்துக்கும் தந்திரத்துக்கும் இதில்தான் இடம் அதிகம். ஒருவரைச் சந்துக்குள் போக விட்டுப் பின்னால் குண்டு வைத்து அடைப்பதில் இருக்கிற சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் புதிதாக ஆடுகிறவர் முதல் பத்து நொடியில் செத்துவிட்டு, மற்ற மூன்று பேர் ஒருவரையொருவர் பதுங்கிப் பதுங்கிச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் அளவுகோலில் இது பெரிய ஓட்டை.

அந்த ஓட்டையை அவர்களே பிற்பாடு அடைத்தார்கள். செத்தவர் ஒரு வண்டியில் ஏறித் திரையின் ஓரத்தைச் சுற்றிவந்து உள்ளே குண்டு வீசலாம் என்று ஒரு விதி பின்னால் வந்தது. 2017இல் ஸ்விட்ச்சோடு வந்த சூப்பர் பாம்பர்மேன் ஆர் (R) என்ற கேமிலும் இருக்கிறது. செட்டிங்கில் அதைப் போட்டுக்கொண்டால் செத்தவர்தான் எல்லோரையும்விட உற்சாகமாக இருப்பார், பழிவாங்குகிற வேலையாயிற்றே. இதில் எட்டுப் பேர் வரை ஒரே திரையில் ஆடலாம்.

ஆதிகால வேஷமும் வேண்டும், பாம்பர்மேனும் வேண்டும் என்றால் அதற்கும் ஒன்று இருக்கிறது: 1996இல் வந்த சாடர்ன் பாம்பர்மேன். கல்லை உடைத்தால் முட்டை கிடைக்கும், முட்டையிலிருந்து குட்டி டைனோசர் வரும், அதன்மேல் ஏறிக்கொள்ளலாம். குண்டில் மாட்டினால் டைனோசர்தான் போகும், நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். மேலும் முட்டை தின்னக் கொடுத்தால் அது வளரும். இந்த ஒரு விதி புதியவருக்கு இரண்டாவது உயிர் கொடுத்த மாதிரி. பத்துப் பேர் வரை ஒரே நேரத்தில் ஆடலாம் என்பது அப்போது பைத்தியக்காரத்தனமான எண்ணிக்கை, இப்போதும்தான். பிரச்சினை மறுபடியும் அதேதான்: சேகா சாடர்ன் என்ற பழைய கன்சோல் வேண்டும், மல்டிபிளேயர் அடாப்டர் வேண்டும், பத்துப் பேருக்கு அதுவே இரண்டு வேண்டும், கன்ட்ரோலர் பத்து வேண்டும். அந்தச் செலவில் எட்டுப் பேரைத் தியேட்டருக்கு அழைத்துப் போய்ப் பாப்கார்னும் வாங்கித் தரலாம்.

டைனோசர்தான் முக்கியம், மேஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறவர்கள் பிரைமல் ரேஜ், ஜோ அண்ட் மேக் என்று வேறு பக்கம் போகலாம். ஒன்று சண்டை, மற்றது ஓடித் தாவுவது, இரண்டிலும் இரண்டு பேர்தான். நாலு பேர் கணக்கில் இவை வராது.

இப்போது யார் எதை எடுப்பது? கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி இன்று இரவே ஆட வேண்டும், சட்டச் சிக்கல் வேண்டாம் என்றால் ட்ரோக்கை மறந்துவிடுங்கள். ஸ்விட்ச் இருக்கிற வீட்டில் சூப்பர் பாம்பர்மேன் ஆர், பழிவாங்கும் வண்டியோடு. அது இல்லாமல் கம்ப்யூட்டரோ வேறு கன்சோலோ இருந்து, ஆடுகிறவர்களும் பெரியவர்களாக இருந்தால் பேக்மேன் மியூசியம் பிளஸ். பேட்டில் ராயல் அலுத்துப்போனாலும் தொகுப்பில் இன்னும் 13 கேம் மிச்சம் இருக்கும், அதனால் காசு வீணாகாது. தோற்றால் அழுகிற வயசில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் காண்ட்லெட் 2, காசுக் கட்டுப்பாட்டோடு. பெரியவர் ஒருவர் கூட ஆடி, சாப்பாட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் விட்டுக்கொடுப்பாரா என்பது வேறு கேள்வி.

மற்றபடி, எமுலேட்டர் வைத்து அமைத்துக்கொள்ளத் தெரிந்தவர், விதவிதமான வயசில் நாலு பேரைக் கூட்டி வைத்திருக்கிறவர் என்றால் என் ஓட்டு ட்ரோக்குக்குத்தான், இரண்டாவது இடம்கூட நெருக்கமில்லை. பாம்பர்மேன் ஆழமான கேம் என்று சொல்கிறவர்கள் சொல்வது உண்மை. நூறு மணி நேரம் ஆடினால் பாம்பர்மேன்தான் நிற்கும், ட்ரோக் ஓர் இரவுக்கு மேல் தாங்குமா என்பது சந்தேகம்; தீவுகள் மாறினாலும் செய்கிற வேலை அதே முட்டை பொறுக்கல்தான். ஆனால் கூடிப் பேசி, தின்று, நடுவில் ஆடுகிற ஓர் இரவுக்கு நூறு மணி நேர ஆழத்தை வைத்து என்ன செய்வது?

ட்ரோக்கைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள். மேமில் வழக்கமாக 5, 6, 7, 8 ஆகிய எண் பட்டன்கள் நாலு பேருக்கும் காசு, 1, 2, 3, 4 ஸ்டார்ட். அது கீபோர்டிலேயே இருக்கட்டும், ஒருத்தர் கையில் விட்டுவிடலாம். ஆட்டத்தைக் கீபோர்டில் வைக்காதீர்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் சாதாரணக் கீபோர்டு சில பட்டன்களைக் கண்டுகொள்ளாது, "நான் அழுத்தினேன், அதுதான் போகவில்லை" என்று சண்டை வரும், அந்தச் சண்டையில் உண்மையைச் சொல்கிறவர் உண்மையாகவே அழுத்தியிருப்பார். நாலு யூஎஸ்பி பேட் போதும், விலை குறைந்ததே போதும், ஆனால் கட்டைவிரலுக்குச் சிலுவை வடிவப் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுழல்கிற அனலாக் குச்சியில் ட்ரோக் ஆடினால் சந்துமுனையில் திரும்பச் சொன்னால் நேராகப் போகும், அங்கே ஒற்றைக் கண்ணன் நிற்பான்.